64 சரியும் ஒரு 5 கிலோ படிக்கல்லும்: கலா ஓயாப் பயணத்துக்கு முந்திய மூன்று வாரம்

தை மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் என்னுடைய வீட்டு ஹோலில் பாய் விரித்து, கலா ஓயா ஆற்றில் கனூவில் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு வள்ளத்தில்) போவதற்கான எல்லாச் சாமானையும் பரப்பினோம். பட்டியலில் 64 பொருட்கள் இருந்தன. ஒருவர் பெயரை வாசிக்க, ஒருவர் எடுத்துக் காட்ட, நான் பேனையால் சரி போட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் 64க்கும் சரி விழுந்துவிட்டது. தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகக் கலைந்தோம்.

அடுத்த மூன்று வாரத்தில், அந்த 64இல் 11 பொருட்கள் ஆற்றுக்குக் கொண்டுபோகத் தகாதவை என்று தெரியவந்தது. அதில் மூன்று ஆளின் உயிரோடு நேரே சம்பந்தப்பட்டவை. இரண்டு லைஃப் ஜாக்கெட், ஒரு மீட்புக் கயிறு. மூன்றையும் நான் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சரி போட்டிருந்தேன். அவை எப்படி என் கண்ணுக்குத் தப்பின, பிறகு எப்படி அகப்பட்டன என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். கொழும்பிலிருந்து ஆறு, களப்பு என்று கனூவில் போகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் ஒரு கயிற்றையாவது தண்ணீரில் போட்டுப் பார்த்தால் எனக்குப் போதும்.

பயணமும் ஆட்களும்

ஆறு பேர் போவதாக ஏற்பாடு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் அண்ணா எங்களுக்குள் மூத்தவர், ஆற்றுப் பழக்கம் உள்ளவர். அவருடைய 17 வயது மகளுக்கு இதுதான் முதல் பயணம். தெகிவளையில் படிப்பிக்கும் டீச்சர் அக்காவுக்கு ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் தம்பிமார் இருவர். அப்புறம் நான். இரண்டு பேர் இருக்கும் திறந்த கனூ மூன்றை வாடகைக்குப் பேசியிருந்தோம். துடுப்பும் இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் அவற்றோடு வந்தன. மற்றதெல்லாம் எங்களுடையவை, அத்தனையும் என் வீட்டில்தான் இருந்தன.

போக நினைத்த இடம் கலா ஓயாவின் கடைசிப் பகுதி. மாத்தளைப் பக்கம் தொடங்கும் ஆறு, தாதுசேனன் கட்டிய கலாவாவியையும் அதற்குக் கீழே இராஜாங்கனைக் குளத்தையும் கடந்து, புத்தளம் களப்பின் வடக்கில் கடல்நீரோடு கலக்கிறது. கொழும்பிலிருந்து புத்தளம் 130 கிலோமீற்றருக்குக் கிட்ட. அங்கிருந்து வண்ணாத்திவில்லு, இலவன்குளம் வழியாக உள்ளே போக வேண்டும். ஆற்றின் வடகரை வில்பத்து தேசியப் பூங்கா. தென்கரையில் கங்கேவாடி என்கிற மீனவர் கிராமம் இருக்கிறது. பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. ஆகவே இரண்டு இரவும் தென்கரையிலேயே, தெரிந்தவர் ஒருவரின் காணியில் கூடாரம் போடுவதாகப் பேசிக்கொண்டோம்.

முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் கண்டல் காடு. தண்ணீரில் முதலை உண்டு. அங்கே ஒருவர் கனூவிலிருந்து விழுந்தால் ஆறுதலாக நீந்திக் கரைக்கு வா என்று சொல்ல முடியாது. விழுந்தவர் தலை வெளியே தெரியும்படி மிதக்க வேண்டும், நாங்கள் கயிற்றை எறிந்து சீக்கிரம் இழுத்தெடுக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டும் கயிறும் பட்டியலில் எங்கே நிற்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

மழைக்காலத்தில் இந்தப் பயணத்தை நினைக்கவே கூடாது. இராஜாங்கனையின் வான்கதவுகள் திறந்தால் இலவன்குளத்தில் ஆற்றைக் கடக்கும் சப்பாத்துப் பாலம் (நீர்மட்டத்தை ஒட்டிய தாழ்வான பாலம்) தண்ணீருக்குள் போய்விடும். மாசிக் கடைசியை நாங்கள் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் செய்தது என்ன?

யோசித்துப் பார்த்தால், பொருள் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறோம். லைஃப் ஜாக்கெட் ஆறு, இருக்கிறது. கயிறு இருக்கிறது. டோர்ச் எரிகிறதா? எரிகிறது, பத்து விநாடி. அடுப்பு மூடியோடு இருக்கிறது.

அன்றிரவு சாமானை அடுக்கும்போது ஒரு நீர்புகாப் பையின் வாய் விரலில் லேசாக ஒட்டியது. மணமும் சரியில்லை, புளித்துப்போன மாதிரி. துடைத்துவிட்டு வைத்தேன். படுத்த பிறகும் அந்த மணம் மூக்கில் நின்றது. இந்தச் சாமான்களைக் கடைசியாக எடுத்து 22 மாதங்கள். இடையில் வேலை மாற்றம், வீட்டில் சுகயீனம் என்று பயணமே இல்லை. அத்தனையும் கடற்பக்க பல்கனியில் ஒரு பிளாஸ்டிக் அலுமாரிக்குள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன.

காலையில் அண்ணாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “சரி, அப்ப எல்லாத்தையும் தண்ணியில போட்டுப் பாப்பம்” என்றார். அந்த ஒரு வசனத்தில்தான் எங்கள் உண்மையான சோதனை தொடங்கியது.

நீச்சல் தடாகம், ஞாயிறு காலை

முதலில் பொல்கொட வாவிக்குப் போகலாம் என்றுதான் நினைத்தோம். அங்கேயும் முதலை உண்டு. ஆளை இறக்கிச் சோதிக்க அது இடமில்லை. தம்பிமாரில் ஒருவர் பம்பலப்பிட்டியில் இருக்கும் தொடர்மாடியில் நீச்சல் தடாகம் இருக்கிறது. நிர்வாகத்திடம் கேட்டு, அடுத்த ஞாயிறு காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை எடுத்தோம்.

வீதி மூலையில் இருக்கும் மளிகைக் கடையிலிருந்து ஒரு 5 கிலோ இரும்புப் படிக்கல்லையும் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கடை ஐயா இப்போது எலெக்ட்ரோனிக் தராசுக்கு மாறிவிட்டார். படிக்கல் கதவு அடிபடாமல் இருக்க அண்டை கொடுத்துக் கிடந்தது.

லைஃப் ஜாக்கெட்டின் உட்புறத்தில் அதன் மிதக்கும் வலு எத்தனை நியூட்டன் என்று அச்சிட்டிருக்கும். அமைதியான நீரில், உதவி பக்கத்தில் இருக்கும் நிலையில் அணியும் வகைக்கு, 70 கிலோவுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 50 நியூட்டனாவது வேண்டும். பேச்சுக்கணக்கில் சொன்னால், தண்ணீரில் 5 கிலோப் பாரத்தைத் தாங்கும் வலு. மனித உடம்பு பெரும்பாலும் தானாகவே மிதக்கும். தலையை வெளியே வைத்திருக்கத்தான் அந்த மேலதிக வலு தேவை. ஆகவே ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் படிக்கல்லைக் கட்டித் தண்ணீரில் விட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். இரும்பு தண்ணீருக்குள் கொஞ்சம் பாரம் குறையும், ஆனபடியால் இது இலகுவான சோதனைதான்.

ஐந்து ஜாக்கெட்டுகள் படிக்கல்லோடு மிதந்தன. ஆறாவது, செம்மஞ்சள் நிறமானது, கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டத்தில் தயங்கி நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிப் போய் அடியில் ஓடுகளின் மேல் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் ஆறு பேரும் கரையில் நின்று பார்த்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. வெளியே எடுத்து, அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றின் பக்கத்தில் வைத்து விரலால் அழுத்தினேன். மற்றதன் நுரை இரண்டு விரல் தடிப்பு. இதனுடையது ஒரு விரலுக்குச் சற்றுக் கூட. அலுமாரியில் ஆக அடியில் கிடந்தது இதுதான். மேலே இரண்டு கூடாரமும் இரும்புச் சட்டியும் 22 மாதம் ஏறி இருந்திருக்கின்றன. நுரைக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகள்தான் மிதக்க வைக்கின்றன. அவை நசிந்தால் துணி, பட்டி, நிறம் எல்லாம் புதிதுபோல இருந்தாலும் மிதக்கும் வலு போய்விடும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது அண்ணாவின் மகள். அவளுக்கு ஒதுக்கிய ஜாக்கெட் படிக்கல்லை நன்றாகவே தாங்கியது. சனிக்கிழமை போட்டுப் பார்த்தபோதும் அளவாக இருந்தது. ஆழமான பக்கத்தில் விளிம்பிலிருந்து குதித்தாள். தண்ணீருக்குள் போய் மேலே வந்தபோது ஜாக்கெட் மட்டும் மேலே வந்தது, அவள் அதற்குள் கீழே நின்றாள். இரண்டு தோள்பட்டிகளும் காதுக்கு மேலே ஏறி, கழுத்துப் பகுதி முகத்தை மூடி, வாய் சரியாகத் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. கைகளால் ஜாக்கெட்டைக் கீழே அமத்தப் பார்த்தாள். கையை அசைத்தால் இன்னும் தாழ்ந்தாள். அண்ணா விளிம்பில் முழங்கால் ஊன்றி, தோள்பட்டியைப் பிடித்து இழுத்தெடுத்தார். எல்லாம் நாலைந்து விநாடிதான். கரையில் இருந்து இருமிவிட்டு, “சித்தப்பா, இது நல்லா இறுக்கமாத்தானே இருந்தது” என்றாள்.

இறுக்கமாகத்தான் இருந்தது, காய்ந்திருந்தபோது. இடுப்புப் பக்கம் பட்டியைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கொக்கியின் பற்கள் தேய்ந்து மழுமழுவென்று ஆகியிருந்தன. காய்ந்த பட்டி அதில் நின்றது, நனைந்ததும் வழுக்கிவிட்டது. திரும்பவும் இறுக்கி, நனைத்து, இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்கினோம். பட்டி வழுக்குவதைக் கண்ணாலேயே கண்டோம். நனைத்த பிறகு தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதுதான் சரியான வழி. தாடைக்கு மேலே ஏறினால் அந்த ஜாக்கெட் அந்த ஆளுக்கு உதவாது. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆகவே எந்த ஜாக்கெட் யாருக்கு என்று அன்றைக்கே பெயர் எழுதி ஒட்டினோம்.

அந்த நாலைந்து விநாடி கண்டல் காட்டுப் பக்கம் நடந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் அந்த ஜாக்கெட்டுக்கு நேரே என் கையால் போட்ட சரி இருந்தது.

கயிறு விஷயம் சுருக்கமானது. எறிபைக்குள் (விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பை) இருந்த 15 மீற்றர் வெள்ளைக் கயிற்றைத் தடாகத்தின் குறுக்கே எறிந்தோம். பை மிதந்தது. கயிறு வளைந்து வளைந்து அடிக்குப் போனது. முன்பு யாரோ பழைய கயிற்றைக் கூடாரம் கட்ட எடுத்துவிட்டு, பதிலுக்கு நைலோன் கயிற்றைப் போட்டிருக்கிறார்கள். மீட்புக்கு வேண்டியது பொலிபுரொப்பிலீன். அது தண்ணீரைவிட இலேசானது, மேலே மிதக்கும், விழுந்தவர் கண்டு பிடிப்பார். நைலோன் தண்ணீரைவிடப் பாரமானது. இரண்டும் வெள்ளை, இரண்டும் கையில் ஒரேமாதிரி. புறக்கோட்டையில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் “மிதக்கிற கயிறு” என்று கேட்டால் உடனே எடுத்துத் தருகிறார்கள். வாங்கியதும் ஒரு துண்டைக் கோப்பைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன்.

நீர்புகாப் பைகளைக் காற்று நிரப்பி, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி போட்டு, தண்ணீருக்குள் அமத்திப் பிடித்தோம். ஐந்தில் இரண்டு குமிழி விட்டன. ஒன்று அடித்தையலில். மற்றது பை முழுக்க, வியர்க்கிற மாதிரி. இரண்டாவது பையில்தான் மருந்துப் பெட்டியும் அக்காவின் மேலதிக இன்ஹேலரும் போவதாக இருந்தன. சனிக்கிழமை என் விரலில் ஒட்டிய பையும் அதுவே. மிச்ச மூன்றுக்குள்ளும் ஒவ்வொரு டிஷ்யூத் தாளை வைத்து, படிக்கல் கட்டிப் பத்து நிமிடம் மூழ்கவைத்தோம். மூன்று தாளும் காய்ந்தபடியே வெளியே வந்தன.

பல்கனி அலுமாரிக்குள் நடந்தது

இந்தப் பகுதிதான் கொழும்பில் இருப்பவர்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

கூடாரத்தின் மேல்விரிப்பு, பல நீர்புகாப் பைகள், சில மழை அங்கிகள் ஆகியவற்றின் உட்புறத்தில் பொலியூரிதேன் என்கிற மெல்லிய பூச்சு இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அதுதான். சூடும் ஈரப்பதனும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளைத் தண்ணீர் மெல்ல மெல்ல உடைக்கிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு அந்தப் புளித்த மணம் வரும், கடைசியில் செதில் செதிலாக உரியும். அந்த நிலைக்கு வந்த பிறகு திருத்த வழியில்லை. கழுவினால் மணம் கொஞ்சம் குறையும், தடுப்பு திரும்பி வராது. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் இது நடக்கும். சொல்லப்போனால் மடித்து மூடிவைத்தால் இன்னும் வேகமாக நடக்கும்.

குளிர்நாட்டில் இதற்குப் பல வருடம் எடுக்கும். எங்களுடைய ஊரில் வருடம் முழுக்க ஒரே சூடு, காற்றில் எப்போதும் ஈரம். மரைன் டிரைவ் பக்கம் இருக்கும் வீடுகளில் அதோடு உப்பும் சேரும். காலையில் துடைத்த யன்னல் கம்பியைப் பின்னேரம் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் அதே காற்றுத்தான் அலுமாரிக்குள்ளும் இருந்திருக்கிறது. ஆற்றில் மூன்று நாள் அடிபட்ட சாமான் அடுத்த 22 மாதம் இருந்தது இந்தக் காற்றுக்குள். தேய்மானத்தின் பெரும்பங்கு அங்கேதான் நடந்தது. அதுவரை நான் பயணத்தை மட்டுமே தேய்மானக் கணக்கில் எடுத்திருந்தேன்.

கூடாரங்களை விரித்தபோது ஒன்றின் மேல்விரிப்பில் தையலை மூடும் பட்டி கையோடு கழன்று வந்தது. அதையும் விலக்கினோம்.

மொட்டைமாடி இரவு

புதன்கிழமை இரவு எங்கள் மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, மிச்சச் சாமானை இருட்டில் பாவித்துப் பார்த்தோம். தலையில் கட்டும் டோர்ச் ஆறையும் ஒரேநேரத்தில் போட்டோம். இருபதாவது நிமிடத்தில் ஒன்று மங்கி அணைந்தது. திறந்தால் பற்றறிப் பெட்டிக்குள் வெள்ளைப் பொருக்கு. அல்கலைன் பற்றறியை உள்ளே விட்டுவைத்தால் அதன் காரக் கரைசல் கசிந்து இப்படிப் படியும். எலுமிச்சம் புளியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பொருக்குப் போகும். இதில் கம்பிச்சுருளே அரித்துப் போயிருந்தது, எறிந்துவிட்டோம். சனிக்கிழமை பத்து விநாடி எரிந்த விளக்கு இதுவும்தான்.

காஸ் அடுப்பைப் பூட்டி, சவர்க்கார நுரையைப் பொருத்தில் பூசினால் குமிழி வந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அடுப்பை விற்ற கடையிலேயே வளையம் கிடைத்தது. இரண்டு வாங்கினோம், ஒன்று மேலதிகம். காஸ் புட்டிகளைக் குலுக்கிப் பார்க்காமல் குசினித் தராசில் நிறுத்தோம். வெறும் புட்டியின் நிறை தெரிந்தால் மிச்சக் காஸ் எத்தனை கிராம் என்று கணக்காகத் தெரிந்துவிடும்.

மருந்துப் பெட்டியில் ஜீவனிப் பைக்கற்றுகள் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கல்லாக இறுகிக் கிடந்தன. பிளாஸ்டர் ஒட்டவில்லை. இரண்டையும் புதிதாக வாங்கினோம். சேற்றுநீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு என்பதால், ஆளாளுக்குத் தங்கள் வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

தண்ணீர்

பட்டியலில் 41ஆவது பொருள் நீர் வடிகட்டி. பாவித்த பிறகு காயவிட்டபடி கிடந்ததால் அடைத்துப் போயிருந்தது. வினாகிரியில் ஊறவைத்துப் பின்பக்கமாக நீரை அடித்தோம். அப்படியும் ஒரு லீற்றர் இறங்கப் பதினைந்து நிமிடம் எடுத்தது. புதிது வாங்கலாமா என்று கதைத்துக்கொண்டிருந்தபோதுதான், காணி தருவதாகச் சொன்ன நானாவுக்கு வேறு ஒரு விஷயமாகத் தொலைபேசி எடுத்தேன். ஆற்றுத் தண்ணீரை வடித்துக் குடிக்கப் போகிறோம் என்று பேச்சுவாக்கில் சொன்னதும் அவர் நிறுத்தினார்.

“தம்பி, மாசியில அந்தத் தண்ணிய வாயில வைக்க ஏலாது. உப்பு. களப்புத் தண்ணி மேல ஏறி நிக்கும். குடிக்கிறதுக்கு நீங்க கொண்டுதான் வரணும்.”

இந்த வகை வடிகட்டி கிருமியையும் மண்ணையும் தடுக்கும். கரைந்த உப்பை அதனால் பிரிக்க முடியாது. புத்தம் புதிதாக வாங்கியிருந்தாலும் நாங்கள் அங்கே தாகத்தோடுதான் இருந்திருப்போம். இது எனக்குப் பெரிய பாடம். பொருள் நல்லதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு அது சரியான பொருளா என்ற கேள்வி என் பட்டியலிலேயே இல்லை. வீட்டுக்குள் எத்தனை சோதனை செய்தாலும் அது வெளிவந்திருக்காது. ஆற்றோடு வாழ்கிற ஒருவரிடம் கேட்டதால்தான் வந்தது.

கணக்குப் போட்டோம். ஆறு பேர், மூன்று நாள், ஆளுக்கு நாளைக்கு 4 லீற்றர். மொத்தம் 72 லீற்றர். 5 லீற்றர்ப் போத்தல் பதினைந்து, கனூவுக்கு ஐந்து. அதாவது ஒவ்வொரு கனூவிலும் முன்பு நினைக்காத 25 கிலோ.

பொல்கொடவில் பாரம் ஏற்றியபோது

ஆகவே இரண்டாவது ஞாயிறு பொல்கொட வாவிக்குப் போனோம். கனூ உரிமையாளரின் இறங்குதுறையிலேயே மூன்றிலும் முழுப் பாரத்தையும் ஏற்றி, ஆட்களையும் இருத்தி, நீர்மட்டத்திலிருந்து கனூவின் விளிம்பு எவ்வளவு உயரம் என்று அடிமட்டத்தால் அளந்தோம். 15 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அண்ணாவும் பெரிய தம்பியும் இருந்த கனூ 11தான் காட்டியது. ஒரு மோட்டர் வள்ளம் தூரத்தில் போன அலைக்கே விளிம்பால் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

மடக்குக் கதிரைகளும் ஐஸ் பெட்டியும் அங்கேயே பட்டியலிலிருந்து போயின. தண்ணீர்ப் போத்தல்களை நடுவில், அடித்தளத்தோடு சேர்த்துக் கட்டினோம். பெரிய தம்பி இடம் மாறி அண்ணாவின் மகளோடு ஏறினார். திரும்ப அளந்தால் மூன்றும் 16க்கு மேல். ஒரு மணித்தியாலம் வாவியில் வலித்துவிட்டு வந்தோம். அந்த ஒரு மணித்தியாலத்தில் டீச்சர் அக்கா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மருந்துப் பை கட்டுக்கு அடியில் இருந்தது. “எனக்கு இளைப்பு வந்தா இதை அவிழ்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்?” என்று கேட்டார். செய்து பார்த்தோம், நாலு நிமிடம். இன்ஹேலர் ஒன்று அவருடைய ஜாக்கெட் பைக்குள், சின்ன நீர்புகா உறையில் போனது. மற்றது எனது கனூவில், கைக்கெட்டும் தூரத்தில்.

புதிய ஜாக்கெட்டுகளுக்காகப் பயணத்தை ஒரு கிழமை தள்ளிவைத்தோம். லொறிக்காரருக்கு முற்பணம் கொடுத்தாகிவிட்டது, ஒரு தம்பி லீவை மாற்ற வேண்டியிருந்தது. யாரும் முறுமுறுக்கவில்லை. தடாகத்தில் அந்த ஜாக்கெட் அடியில் போய் உட்கார்ந்ததை எல்லோருமே பார்த்திருந்தார்கள்.

ஆற்றில்

இலவன்குளத்துக்குக் கீழே இறங்கி மூன்று நாள் வலித்தோம். எறிபை ஒரு தடவையும் திறக்கப்படவில்லை. யாரும் விழவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் களப்புப் பக்கமிருந்து காற்று எழும்பி அலை வந்தபோது, கனூவின் விளிம்பு உயரம் எங்களுக்குக் கைகொடுத்தது. பொல்கொடவில் முதலில் ஏற்றிய பாரத்தோடு வந்திருந்தால் அண்ணாவின் கனூ நிரம்பியிருக்கும். தண்ணீர் 72இல் 9 லீற்றர் மிஞ்சியது.

ஆனால் ஒன்று உடைந்தது. இரண்டாம் நாள் காலை, கண்டல் வேருக்குள் சேற்றில் இறங்கிக் கனூவைத் தள்ளும்போது சின்னத் தம்பியின் வலது சப்பாத்தின் அடி முழுசாகக் கழன்று சேற்றுக்குள் நின்றுவிட்டது. கையில் எடுத்தால் நடுப்பகுதி பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதுவும் பொலியூரிதேன், அதே ஈரப்பதன் வேலை. விலையுயர்ந்த மலையேறும் சப்பாத்து, மூன்று வருடம் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அகலமான ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டி, மிச்சப் பயணத்தை அப்படியே முடித்தார். கண்டல் வேர் குத்தி உள்ளங்காலில் ஒரு வெட்டு, ஆழமில்லை. திரும்பி வரும் வழியில் புத்தளம் வைத்தியசாலையில் ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டோம்.

64 பொருளில் சப்பாத்து இருக்கவில்லை. பட்டியல் நாங்கள் பைக்குள் வைக்கும் பொருட்களின் பட்டியல். உடம்பில் போட்டுக்கொண்டு வருவதை யாருமே சாமானாக நினைக்கவில்லை.

இப்போது

பல்கனி அலுமாரி காலி. லைஃப் ஜாக்கெட்டுகள் உள் அறையில் உடுப்புக் கொழுவியில் தொங்குகின்றன, ஒன்றின் மேல் ஒன்று இல்லை. கூடாரத்தை இறுக்கிச் சுருட்டாமல், பழைய பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டிருக்கிறேன். நீர்புகாப் பைகளின் வாய் திறந்தபடி இருக்கிறது. விளக்குகளிலிருந்து பற்றறியைக் கழற்றி வேறாக வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுகிறோம். வெயிலில் போட்டால் நைலோன் துணி வேறு விதமாகக் கெடும்.

பட்டியலையும் திருத்தினோம். ‘இருக்கிறது’ என்று ஒரு சரி, ‘நனைத்துப் பாவித்துப் பார்த்தது’ என்று இன்னொரு சரி. இரண்டாவது சரியைப் பொருளுக்குச் சொந்தக்காரர் போடக் கூடாது, வேறொருவர்தான் போட வேண்டும். 65ஆவது பொருள் சப்பாத்து. 66ஆவது ஒரு கேள்வி: அந்த இடத்து ஆள் ஒருவரிடம் கேட்டாயிற்றா?

படிக்கல்லை மளிகைக் கடை ஐயாவிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்த சோதனை ஆவணி முதல் ஞாயிறு. என்னுடைய ஜாக்கெட்டை அன்றைக்கு அண்ணாவின் மகள் பார்ப்பதாக இருக்கிறது.